கம்பெனியிலிருந்து வந்த மாதிரி

டங். டங். டங்.

வர்றப்பவே கேட்டிருக்குமே சார். மாதா சிலைக் கெபிகிட்டத் திரும்புற இடத்துலயே கேக்குதாம். எதிர்வீட்டு டீச்சரம்மா காலையில வந்து, “அருளப்பா, இது வீடா பட்டறையா”ன்னு கேட்டுட்டுப் போச்சு. ரெண்டும்தான்னு சொன்னேன்.

வாங்க, உக்காருங்க. போன்ல பேசின அருளப்பன் நான்தான். அந்த முக்காலி வேணாம், கால் ஆடும். ஆயில் டின்னைக் கவுத்துப் போட்டிருக்கேன் பாருங்க, அதுல உக்காருங்க. காஞ்ச டின்னுதான், பேன்ட்ல ஒட்டாது.

வண்டி இதுதான். நீங்க போட்டோவுல பாத்த அதே ராஜ்தூத். முகம் ஏன் அப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியும். பரிசு வாங்கின வண்டியோட சைலன்சரை ஒருத்தன் சுத்தியால அடிச்சுக்கிட்டு இருக்கானேன்னு பாக்கறீங்க. குரோம் கட்டின சைலன்சரு. கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுபோய்க் கட்டினது. அதைத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கேன். பைத்தியம் இல்லை. சொல்றேன்.

தஞ்சாவூர்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. விக்கிறேன்னு நான் சொல்லலை, வந்து பாருங்கன்னுதான் சொன்னேன், அதை ஞாபகம் வெச்சுக்குங்க. விக்கச் சொல்றது எங்க அண்ணி. ஆனா ஒரு பழைய வண்டிக்காரன் வாசல்ல இன்னொரு பழைய வண்டிக்காரன் வந்து நின்னா, போங்கன்னு சொல்ல வாய் வராது. உங்ககிட்ட என்ன இருக்கு? ரெண்டு ஜாவாவா? அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். அண்ணிக்குப் புரியாது.

இது எங்கண்ணன் வண்டி. சவரிமுத்துன்னு பேரு. இந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் கட்டில்ல இருக்காரு. மெதுவாப் பேசணும்னு இல்லை, சும்மா பேசுங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாது.

லால்குடிப் பக்கம் கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தாரு. மாட்டுக்குச் சினை ஊசி போடுறது, கழிச்சலுக்கு மருந்து ஊத்துறது, கன்னு வெளிய வரலைன்னா கையை விட்டு எடுக்கறது, எல்லாம். டாக்டர் வர்ற வரைக்கும் மாடு காத்துக்கிட்டு இருக்குமா? அதனால எல்லாத்துக்கும் எங்கண்ணன்தான். வாய்க்கால் கரை, வரப்பு, எதுலயும் இந்த வண்டி போகும். சத்தம் கேட்டதும் பொம்பளைங்க மாட்டைப் பிடிச்சு மரத்துல கட்டிருவாங்க. மாட்டுக்கும் அந்தச் சத்தம் தெரியும் சார். கட்டறதுக்குள்ள ஓடப் பாக்கும். அண்ணன் சொல்லுவாரு, “என்னைப் பாத்து ஓடலைடா, வண்டியைப் பாத்து ஓடுது. அதனால வண்டியைத் தூரத்துல நிறுத்திட்டு, மாமனார் வீட்டுக்குப் போற மாதிரி சட்டையைச் சரிபண்ணிக்கிட்டு நடந்து போறேன்.”

எங்கப்பா நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே போயிட்டாரு. எனக்கு எல்லாம் அண்ணன்தான். இந்த டேங்க் மேல உக்கார வெச்சுத்தான் கூட்டிட்டுப் போவாரு. வெயில்ல டேங்க் சுடும். துண்டை நாலா மடிச்சுப் போட்டு அது மேல உக்கார வெப்பாரு. சரி, அதெல்லாம் எதுக்கு.

எனக்குத் தண்ணித் தொட்டியில வேலை. மோட்டார் போடணும், வால்வைத் திறக்கணும், மூடணும். எப்பவும் ராத்திரி ஷிப்டு, கேட்டு வாங்கினது. கல்யாணம் ஆகலை. ஆகலைன்னா, பண்ணிக்கலை. பகல்ல தூங்கணும், தூக்கம் வராது. தூக்கம் வராதவன் கைக்கு ஏதாவது வேணும் இல்லியா? அப்படித்தான் வண்டி கழட்டப் பழகினேன். யாரும் சொல்லித் தரலை. கழட்டுவேன், மாட்டத் தெரியாது, வெச்சுக்கிட்டு யோசிப்பேன். யோசிச்சா தெரிஞ்சுரும். வண்டியில பிடிச்சதே அதுதான் சார். எங்க கெட்டிருக்குன்னு அது சொல்லிரும். கரன்ட் வரலையா, பெட்ரோல் வரலையா, காத்து வரலையா. இந்த மூணுக்குள்ள எல்லாம் அடங்கிரும். மனுஷன் அப்படி இல்லியே.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சவேரியார் திருநாளுக்கு மறுநாள் காலையில, பல்லு விளக்கிக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சுட்டாரு. மூளையில ரத்தக்கசிவுன்னாங்க. உயிர் தங்கிருச்சு. ஒரு பக்கம் கை காலு வரலை. அதுகூடப் பரவாயில்லை, ஆளு தெரியலை. அண்ணியை “சிஸ்டர்”ங்கறாரு, நர்சுன்னு நெனச்சுக்கிட்டு. அண்ணி பேரு ரெஜினா. காலமெல்லாம் கூட வாழ்ந்த பொம்பளை சிஸ்டராயிருச்சு. சிஸ்டராவது ஒரு உறவு சார். எனக்கு அதுவும் இல்லை. என் மூஞ்சியைப் பாப்பாரு, அப்புறம் சுவத்தைப் பாப்பாரு, ரெண்டுக்கும் ஒரே பார்வைதான். அவரு வாயில என் பேரு ஒரு தடவை வரணும். வேற ஒண்ணும் வேணாம். இதெல்லாம் அதுக்காகத்தான்.

கை காலுக்குப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வரும். அது சொல்லுச்சு, “பழகின சத்தம், பழகின வாசனை எதுன்னாலும் காட்டிப் பாருங்க, சில பேருக்கு உள்ள எங்கயாவது தட்டும்”னு. அண்ணி கோயில் பாட்டுப் போட்டுப் பாத்துச்சு. வெத்தலையைக் கிள்ளி மூக்குகிட்டக் காட்டுச்சு. ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் தோணுச்சு, வண்டி. ரிட்டையர் ஆனதுலேர்ந்து இந்தச் சுவத்தோரம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. டேங்கெல்லாம் துரு. சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருந்துச்சு. பிளக்கைத் துடைச்சு, பாயின்ட்டைத் தேச்சு, பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து ஊத்தி, உதைச்சேன். உதைச்சேன், உதைச்சேன், முட்டியே கழண்டுரும் போல இருந்துச்சு. பிடிச்சுக்கிச்சு.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றது? சைலன்சர் வாலு எப்பவோ ஒரு வாய்க்கால்ல விழுந்து ஒடிஞ்சது. அதுக்கு அண்ணன் ஒரு எண்ணெய் டின்னை வெட்டிச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கியிருந்தாரு. செயின் கவர் ஒரே ஒரு ஸ்குரூவுல தொங்கும். ஊசி வைக்கற பெட்டிக்கு மூடி உக்காராது. எல்லாம் சேந்து படபடபடன்னு, நடுவுல சில்லுசில்லுன்னு, பாத்திர வண்டி பள்ளத்துல இறங்குற மாதிரி ஒரு சத்தம்.

உள்ளேர்ந்து அண்ணி கத்துது. ஓடிப்போய்ப் பாத்தா, அண்ணன் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்திருக்காரு. யாரும் தூக்கி விடலை. நல்ல கையால படுக்கையைத் தடவிக்கிட்டு, “பையை எங்க வெச்ச ரெஜினா, மாடு நிக்கிது”ங்கறாரு.

ரெஜினான்னாரு சார். பேரைச் சொல்லி.

அண்ணி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நிக்கிது. வண்டி தானா நின்னுச்சு, அண்ணனும் சாஞ்சுட்டாரு. அப்புறம் அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, “அருளு, தினமும் காலையில வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு தடவை இதை ஸ்டார்ட் பண்ணிரு. பண்ணிட்டு உள்ள வந்து செத்த நேரம் அவருகிட்ட உக்காரு. அது போதும்.”

அது போதுமா? நீங்களே சொல்லுங்க. எலிப் புழுக்கையும் துருவுமா இருந்த ஓட்டை வண்டி, அந்தச் சத்தத்துக்கே மனுஷன் எந்திரிச்சு உக்காந்தாருன்னா, அதையே கம்பெனியிலிருந்து வந்த மாதிரி பண்ணி உதைச்சா? நடந்தே வந்துருவாருன்னு நெனச்சேன். நம்ம வண்டி ஆளுங்க யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. நீங்க நெனச்சிருக்க மாட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க. ம். அதான்.

அன்னிக்கே கழட்ட ஆரம்பிச்சுட்டேன்.

பேசிக்கிட்டே இந்த நட்டுங்களைக் கழுவிர்றேன், டீசல்ல ஊறிக்கிட்டுக் கெடக்கு. நீங்க கேக்க மட்டும் செய்யுங்க.

பிரேமை மட்டும் தனியா எடுத்து, துரு போக மணல் அடிச்சேன். அடிச்சு வந்தப்ப பாக்கணுமே, பொறந்த புள்ளை மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. டேங்குக்கு டிங்கர் வேலை பாத்து, பட்டி போட்டு, தேச்சு, மறுபடி பட்டி போட்டு, மறுபடி தேச்சு. இன்ஜினைப் போர் பண்ணி பிஸ்டன் மாத்தினேன். ஸ்போக்ஸ் ஒண்ணொண்ணாக் கோத்தேன். ஸ்பீடாமீட்டருக்கு மட்டும் ஒரு மழைக்காலம் போச்சு சார். வேற முள்ளு வெச்சது கிடைச்சுது, வேணாம்னுட்டேன். இதுல வந்த முள்ளு என்னவோ அதுதான் வேணும். கடைசியில மணப்பாறைகிட்ட ஒருத்தர் கோழிக் கூண்டுக்குள்ளேர்ந்து எடுத்துக் குடுத்தாரு. கோழி அது மேல முட்டை வெச்சிருந்துச்சு. முட்டையும் குடுத்தாரு.

துருப்பிடிச்ச நட்டு ஒண்ணு திரும்பவே மாட்டேன்னு இருக்கும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, காத்திருந்து, மறுபடி திருகினா, கிறீச்னு ஒரு சின்ன அசைவு குடுக்கும் பாருங்க. கையில தெரியும் அது. உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துல உலகத்துல எல்லாமே சரி பண்ணிரலாம்னு தோணும்.

அண்ணி நடுவுல நடுவுல கூப்பிடும். அண்ணனைப் பக்கவாட்டுல புரட்டிப் போடணும், முதுகுல புண்ணு வந்துருச்சு, ஒத்தை ஆளால முடியாது, வா அருளுன்னு. எனக்குக் கையெல்லாம் கிரீஸா இருக்கும். கிரீஸ் கையோட நோயாளியைத் தொடலாமா? சுத்தம் முக்கியம் இல்லியா? அப்புறம் அண்ணியே டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக்கும். உள்ள போய் உக்காந்தாத்தான் என்ன? என்னைத் தெரியாத மனுஷன்கிட்ட உக்காந்து என்ன பேசறது? அண்ணிக்குக் கோவம். “வண்டிக்குக் குடுக்கற நேரத்துல அவருக்குக் கொஞ்சம் குடு”ங்கும். நான் யாருக்குக் குடுத்துக்கிட்டு இருந்தேன்? அவருக்குத்தானே? இதைச் சொன்னா அண்ணி ஈரத் துணியை எடுத்துக் கொடியில போடும். சொட்டுச் சொட்டா டேங்க் மேல தண்ணி விழும். புதுப் பெயின்ட்டு சார்.

முடிச்சேன். முடிச்சு, நேரா வீட்டுல ஸ்டார்ட் பண்ணலை. வண்டிக்காரங்க கூட்டம் ஒண்ணு நடந்துச்சே, மைதானத்துல, அங்க எடுத்த போட்டோவைத்தான் பாத்தேன்னு சொன்னீங்க. முதல்ல அங்க நாலு பேரு பாத்துச் சொல்லட்டும்னு தோணுச்சு. எங்கயாவது ஒரு குறை இருந்தா? அண்ணனுக்குக் குறையோட குடுக்கக் கூடாது இல்லியா? அங்க ஒரு பெரியவர் குத்துக்கால் போட்டு உக்காந்து அடியெல்லாம் பாத்துட்டு, “தம்பி, இப்பதான் கம்பெனியிலிருந்து பெட்டி பிரிச்ச மாதிரி இருக்கு”ன்னாரு. கேடயம் குடுத்தாங்க. அதுகூட எனக்குப் பெருசாத் தெரியலை. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அண்ணன் என்ன சொல்லுவாருன்னுதான்.

இதோ இந்த இடத்துலதான் நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்து வெச்சேன். அண்ணியைக் கட்டில்கிட்ட நிக்கச் சொன்னேன். ஒரே உதை, பிடிச்சுக்கிச்சு. பட்டுல ஊசி ஓடற மாதிரி ஓடுது. ஒரு சில்லுச் சத்தம் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. நான் ஜன்னல்ல எட்டிப் பாக்கறேன். அண்ணன் கண்ணைத் திறந்தாரு. கேட்டாரு. தலையைத் திருப்பிக்கூடப் பாத்தாரு.

“சிஸ்டர், யாரோ வந்திருக்காங்க, உக்காரச் சொல்லுங்க”ன்னாரு.

அவ்வளவுதான். மறுபடி சுவத்தைப் பாத்துக்கிட்டாரு.

நான் ரெண்டு நாள் வேலைக்குப் போகலை. அப்புறம்தான் உறைச்சுது. சத்தம் மாறிப்போச்சு. அவருக்குத் தெரிஞ்சது இந்த வண்டி இல்லை. கம்பெனிக்காரன் குடுத்த சத்தத்தை அவரு எத்தனை நாள் கேட்டிருப்பாரு? மிச்சமெல்லாம் அந்த எண்ணெய் டின்னு, கம்பி, தொங்குற செயின் கவரு, அதுதானே? அதையெல்லாம் நான் எடுத்துட்டேன். சரி, எடுத்ததை மாட்டிரலாம்னு பாத்தா பழைய சைலன்சரைக் காணோம்.

இங்கதான் எங்க அண்ணி பண்ணின வேலை. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருச்சு. நான் சாக்குல கட்டி வாசப்படிகிட்ட வெச்சிருந்தேன். “அண்ணி, இது குப்பை, போட்டுருங்க”ன்னு சொன்னேன், இல்லைன்னு சொல்லலை. ஒரு பேச்சுக்குச் சொல்றது சார். சொன்னா அப்படியே போட்டுர்றதா? ஒரு வார்த்தை கேக்க வேணாமா? இதைக் கேட்டா அண்ணி சொல்லுது, “கேட்டேன். ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டேன். நீ அந்த டேங்குக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ம், ம்னு சொன்ன”ங்குது. ம்னா அதுக்குப் பேரு பதிலா?

இந்தப் பக்கம் ஒரு காயலான் கடை விடலை. சாக்குச் சாக்காப் பிரிச்சுக் கொட்டிப் பாத்தேன். எல்லாம் உருக்கப் போயிருக்கும்னுட்டாங்க.

அதனாலதான் இந்தச் சுத்தி. இப்ப புரியுதா? வாலை அடிச்சு ஒடுக்கி, டின்னு சுத்திக் கட்டிப் பாக்கறேன். ஒரு நாள் நல்லெண்ணெய் டின்னு, ஒரு நாள் நெய் டின்னு. தகரம் கனமா இருந்தா சத்தம் மந்தமா வருது, மெலிசா இருந்தா கீச்சுங்குது. செயின் கவர்ல ஒரு ஸ்குரூவை விட்டுட்டு மிச்சத்தைக் கழட்டிட்டேன். எந்த ஸ்குரூன்னு ஞாபகம் வரலை. அதனால இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணிட்டு ஓடிப்போய் ஜன்னல்ல முகத்தைப் பாப்பேன். சில நாள் கண்ணு அசையும். சில நாள் அதுவும் இல்லை. நேத்து செருமினாரு. அது வண்டிக்குச் செருமினதா, சளிக்குச் செருமினதான்னு தெரியலை.

டாக்டர் வேற மாதிரி சொல்றாரு. நடுவுல இன்னொரு தடவை லேசாக் கசிஞ்சிருக்கு, மிச்சம் மீதி இருந்ததும் போயிருக்கும், இனிமே எந்தச் சத்தமும் பிரயோஜனம் இல்லைங்கறாரு. அவரு நல்ல டாக்டர்தான். ஆனா வண்டியைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? ஆறு வாட்டி படம் எடுத்துப் பாத்தாலும் ஒரு செயின் கவர் எப்படி ஆடும்னு அவருக்குச் சொல்ல வருமா?

நீங்க வாங்கினா என்ன பண்ணுவீங்க? இந்த அடியெல்லாம் எடுத்து, மறுபடி குரோம் கட்டி, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்கிருவீங்க. தெரியும். உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன். அதனாலதான் குடுக்க மாட்டேங்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

அண்ணிதான் கூப்பிடுது. இதோ வர்றேன் அண்ணி. ஒண்ணும் இல்லை சார், தலையணையை விட்டுக் கீழ சரிஞ்சிருப்பாரு. ரெண்டு பக்கமும் அக்குள்ல கை குடுத்து மேல தூக்கிப் போடணும். டீச்சரம்மா இன்னிக்குப் பள்ளிக்கூடம் போயிருச்சு. வர்றேன் அண்ணி, இந்த நட்டு ஒண்ணுதான்.

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? விருந்தாளியா வந்துட்டு. சரி, சரி. வலது பக்கம் வாசல். நிலை தாழ்வு, தலையைக் குனிஞ்சுக்குங்க. அந்த வராத கையைப் பிடிச்சு இழுத்துராதீங்க, தோள்பட்டை எறங்கிரும். முதுகுக்கு அடியில குடுங்க.

ஆச்சா?

என்ன அண்ணி? என்ன சொன்னாரு?

இல்ல, எனக்கும் கேட்டுச்சு. ஜன்னல் திறந்துதானே இருக்கு. அருளுன்னாரு. அருளு, சாப்பிட்டியான்னாரு.

உங்களைப் பாத்தா அப்படிக் கேட்டாரு சார்? கையைப் பிடிச்சுக்கிட்டாரா?

விடலையா?

அண்ணி, அழாதீங்க. அது நான் இல்லைன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க. இருக்கட்டும். நான் இப்ப உள்ள வரலை. வந்தா ரெண்டு பேராயிருவோம், அவருக்குக் குழம்பிரும்.

சார், உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லியே? ஊருக்குப் போற கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருக்கு. அப்படியே கட்டில் ஓரத்துல உக்காருங்க. கையை இழுத்துக்காதீங்க. கேட்டாரே, பதில் சொல்லுங்க. சாப்பிட்டேன்னு சொல்லுங்க. அண்ணேன்னு சொல்லிச் சொல்லுங்க.

ம். அப்படித்தான்.

நான் இங்கதான் இருக்கேன். இன்னும் கொஞ்சம் நட்டு கிடக்கு டீசல்ல. கழுவித் துடைச்சு வெச்சுர்றேன்.